அடுத்த வகுப்புக்குச் சொன்ன பாடம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பேன் என்றுதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? சிங்கத்துக்கு மாறுதல் உத்தரவு வந்து, அது வேறு காட்டுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் சொல்லப்போவது அந்தக் காட்டில் இருந்த ஒரு தொடக்கப்பள்ளியைப் பற்றி. அங்கே படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போன குட்டிகள் என்ன ஆயின என்பதுதான் கதை. ஓகோவென்று ஆயின என்று நினைத்துக்கொண்டு கேட்டால் நீங்கள்தான் ஏமாந்துபோவீர்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளக் கொட்டகை. ஒரு கரும்பலகை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஐந்து வரிசை. ஐந்து வரிசைக்கும் சேர்த்து ஒரே ஒரு டீச்சர். அவர் பெயர் சுருளம்மா. இனத்தில் அலுங்கு, அதாவது உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் வைத்த எறும்புதின்னி. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொள்வது அந்த இனத்தின் வழக்கம். சுருளம்மா டீச்சருக்குப் பாம்பென்றால் பயமில்லை, சிறுத்தை என்றால் பயமில்லை, அதிகாரி என்றால் மட்டும் பயம். ஜீப்புச் சத்தம் கேட்டால் போதும், டீச்சர் நாற்காலியில் ஒரு பந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு டீச்சர் வேண்டுமென்று அவரும் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனார். கூரை ஒழுகுகிறது என்றும் கொடுத்தார். எல்லாம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வரும். ஆனால் வருகைப்பதிவை இனிமேல் செல்போனில்தான் போடவேண்டும் என்ற உத்தரவு மட்டும் ஓடோடி வந்தது. கொட்டகையில் சிக்னல் ஏது? தினமும் காலையில் டீச்சர் தேக்குமரத்தின் உச்சிக்கு ஏறி, வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, 'எல்லாரும் வந்தாச்சு' என்று அமுக்குவார். அவர் கீழே இறங்குவதற்குள் பாதிப் பேர் நாவல்பழம் பொறுக்கப் போயிருப்பார்கள்.

ஒரு டீச்சர் ஐந்து வகுப்புக்கு எப்படிப் பாடம் நடத்துவார்? முறை வைத்துத்தான். "ரெண்டாங்கிளாஸ், பலகையைப் பாருங்க. மத்தவங்கல்லாம் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்பார். அது முடிந்ததும், "நாலாங்கிளாஸ், பலகையைப் பாருங்க. மத்தவங்கல்லாம் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

அவரவர் வேலையைப் பார்க்கிற பழக்கம் அந்தக் காட்டில் யாருக்கு இருந்தது, சொல்லுங்கள்! அம்மாக்காரி பக்கத்துப் பொந்தில் என்ன சண்டை என்று காதை நீட்டுவாள். அப்பன்காரன் எதிர்மரத்தில் என்ன குழம்பு என்று மூக்கை நீட்டுவான். பெற்ற குட்டிகள் மட்டும் உத்தமர்களாக இருக்குமா? ரெண்டாம் வகுப்புக்குப் பாடம் நடந்தால் மற்ற நாலு வரிசையும் வாயைப் பிளந்துகொண்டு அதைத்தான் கேட்கும். ரெண்டாம் வகுப்பு மட்டும் கேட்காது. அதற்குக் காலையில் நாலாம் வகுப்புக்குச் சொன்ன பின்னக் கணக்கை அசைபோடுகிற வேலை பாக்கி இருக்கும்.

ஒன்றாம் வகுப்பில் ஓர் உடும்புக்குட்டி இருந்தது. அதற்கு 'அ' எழுத வராது. ஆனால் மழை எப்படி உருவாகிறது என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பு அறிவியலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதற்கு 'அ' வந்தது எப்போது தெரியுமா? ஐந்தாம் வகுப்புக்கு வந்தபிறகு, ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு.

எப்படியோ கடைசியில் எல்லாம் சரிக்கட்டிப் போய்விடும். ஐந்து வருஷம் ஒரே கொட்டகையில் உட்கார்ந்தால் ஐந்து வகுப்புப் பாடமும் ஏதோ ஒரு வருஷத்தில் காதில் விழுந்துதானே ஆகவேண்டும்? ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது எல்லாக் குட்டியும் பாஸ். டீச்சருக்குப் பெருமை தாங்காது. தான் பாடம் நடத்துகிற அழகு அப்படி என்று நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும், பாவம். அந்த வேலையில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த உயர்நிலைப்பள்ளிக்குப் போகவேண்டும். மலையைச் சுற்றி ஒரு பாதை உண்டு. அதில் ஜீப்பு போகும். குட்டிகள் நடந்து போனால் ஆறாம் வகுப்பில் சேரக் கிளம்பியது பத்தாம் வகுப்புக்குத்தான் போய்ச் சேரும். அதனால் ஆற்றின் குறுக்கே ஒரு காட்டுக்கொடியைக் கட்டியிருந்தார்கள். கொஞ்சம் வளர்ந்த குட்டிகள் அதைப் பிடித்துத் தொங்கியபடியே தாண்டிவிடும். சின்னக் குட்டிகளால் முடியாது. பாதியிலேயே கை நழுவிவிடும்.

நழுவினால் கீழே ஒரு முதலை இருந்தது. கொடிக்கு நேர் கீழே, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நாளெல்லாம் படுத்திருக்கும். "சும்மா வெயில் காயறேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். யாரும் அதைக் கேட்பதில்லை. அதுவாகத்தான் சொல்லும்.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்த செட்டு ஆற்றைத் தாண்டி ஆறாம் வகுப்பில் சேர்ந்தது. அதில் பேச்சி என்று ஒரு முள்ளம்பன்றிக் குட்டி இருந்தாள். படு சூட்டிகை. தொடக்கப்பள்ளியில் அவளுக்குத் தெரியாத பாடமே கிடையாது.

உயர்நிலைப்பள்ளியில் வசதிக்குக் குறைச்சலில்லை. வகுப்புக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கரும்பலகை, நடுவே மூங்கில் தட்டி. ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் சேவுகன் சார். காட்டுச்சேவல். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. அவர் ஒவ்வொரு குட்டியையும் கண்ணோடு கண் பார்த்து, "பேச்சி, உனக்குத்தாம்மா சொல்றேன், நல்லா கேளு" என்று பாசமாக ஆரம்பிப்பார். அவ்வளவுதான், பேச்சியின் காது தட்டிப் பக்கம் திரும்பிவிடும். அந்தப் பக்கம் ஏழாம் வகுப்புக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கும். பழைய கொட்டகையில் படித்த அத்தனை குட்டியும் அதே மாதிரி. உடம்பு ஆறாம் வகுப்பில், காது ஏழாம் வகுப்பில்.

காலாண்டுத் தேர்வு வந்தது. 'தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குக' என்று ஆறாம் வகுப்புக்குக் கேள்வி. ஒரு பேரரசு விழுந்ததற்கான காரணங்களைப் பேச்சி பக்கம் பக்கமாக எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தாள். பதிலில் ஒரு பிழை இல்லை. ஏழாம் வகுப்புக் கேள்விக்கு அது அருமையான பதில். ஆறாம் வகுப்பில் அதற்கு முட்டை போட்டார்கள். அவளோடு வந்த அத்தனை பேருக்கும் முட்டைதான்.

உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் கொம்பையா. கடமான். கொம்பு பெரிதாக இருந்ததால் அவரால் எந்த வகுப்புக்குள்ளும் நுழைய முடியாது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுவார். "அடித்தளமே சரியில்ல" என்றார்.

இது ஒன்றும் புதிசில்லை. கல்லூரி உயர்நிலைப்பள்ளியைச் சொல்லும். உயர்நிலைப்பள்ளி தொடக்கப்பள்ளியைச் சொல்லும். தொடக்கப்பள்ளி பெற்றோரைச் சொல்லும். அம்மாக்காரி, "இதோட அப்பன் வம்சமே அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவைப்பாள். யாராவது நல்லபடியாகத் தேறிவிட்டால் மட்டும் இந்த வரிசை அப்படியே தலைகீழாகத் திரும்பி, மேலே இருப்பவர் முதலில் மாலை வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் கொட்டகை வாசலில் ஜீப்பு வந்து நின்றது. டீசல் கிடைக்காத காடு என்பதால் அதை ஒரு காட்டெருமை இழுத்து வந்தது. உள்ளேயிருந்து கல்வி அலுவலர் நாரையார் இறங்கினார். அவருக்கு இறக்கை இருக்கிறதே, பறந்து வரக்கூடாதா என்பீர்கள். பதவிக்கு வந்தபிறகு பறந்து வந்தால் மரியாதை என்ன ஆவது? அந்த ஜீப்பு என்றால் அவருக்கு உயிர். தினமும் அலகாலேயே துடைப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். இந்த நாரையாரும் அதே கொட்டகையில் படித்தவர்தான். சுருளம்மாவின் முதல் செட்டு. "எங்கிட்ட படிச்ச புள்ள, ஆபீசரா வந்திருக்கு" என்று டீச்சர் காடெல்லாம் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் நேரில் வந்தால் மட்டும் சுருண்டுவிடுவார்.

அன்றும் நாற்காலியில் பந்துதான் இருந்தது. நாரையார் அதற்கு எதிரே ஒற்றைக்காலில் நின்று உத்தரவை வாசித்தார்.

"டீச்சர், இங்க படிச்சுட்டுப் போனவங்க மேல்படிப்புல எப்படி இருக்காங்கன்னு பாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பாத்தோம். ஒருத்தர்கூடத் தேறல. அரையாண்டுலயும் இதே கதின்னா இந்தக் கொட்டகையை மூடிட்டு, எல்லாக் குட்டிகளையும் அக்கரைப் பள்ளியோட சேத்துருவோம்."

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒண்ணாங்கிளாஸ் குட்டிங்க எப்படிங்கய்யா ஆத்தைத் தாண்டும்? கீழ முதலை இருக்குங்களே?"

நாரையார் அப்போது, வாசலில் இரண்டு மைனாக்கள் ஒரு புழுவுக்காகப் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆங்? எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

செய்தி காடெல்லாம் பரவியது. முதலை உடனே ஒரு அறிக்கை விட்டது. "பள்ளிகள் இணைப்பை மனமார வரவேற்கிறேன். பிஞ்சுக் குழந்தைகளுக்குத் தரமான கல்வி வேண்டும். அதற்காக என்னால் முடிந்த ஒத்துழைப்பைத் தர எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருப்பேன்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்த முதலை அழக்கூட இல்லை, ஆனந்தமாகச் சிரித்தது.

ஜீப்புச் சத்தம் ஓய்ந்ததும் டீச்சர் மெல்ல விரிந்தார். முன்வரிசையில் ஒன்றாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. மலையணில் குட்டி ஒன்று பல்பத்தைத் தின்றுகொண்டிருந்தது. குட்டிக் கீரி ஒன்று தூங்கி, பக்கத்திலிருந்த முயலின் மேல் சாய்ந்திருந்தது. இதுகளா அந்தக் கொடியைப் பிடித்துத் தொங்கும்? டீச்சர் எழுந்தார். "மூடுனா மூடட்டும்னு விட்டுற முடியுமா? என்னன்னு நேர்ல போய்ப் பாத்துர வேண்டியதுதான்" என்று கிளம்பிவிட்டார்.

ஆற்றைத் தாண்டிப் போய், ஆறாம் வகுப்பில் கடைசி மூலையில் பந்தாக உட்கார்ந்துகொண்டார். விளையாட்டு வாத்தியார் வந்து, "பந்தை யாரு வெளிய போட்டது?" என்று அவரைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டப் பார்த்தார். "நான் டீச்சருப்பா!" என்று கத்தித் தப்பிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

பாடம் தொடங்கியது. சேவுகன் சார் கத்துகிறார். பழைய கொட்டகைக் குட்டிகளின் காதெல்லாம் ஒரே மாதிரி தட்டிப் பக்கம் திரும்புகிறது. டீச்சர் அதைப் பார்த்தார். மணி அடித்ததும் பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏண்டி பேச்சி, சார் எவ்வளவு அழகா உனக்குச் சொல்லித் தர்றாரு. கேக்க மாட்டேங்கறியே?"

"என்னைப் பாத்துச் சொன்னா எனக்கு ஒருமாதிரியா இருக்கு டீச்சர். உள்ள இறங்கவே மாட்டேங்குது. அடுத்தவங்களுக்குச் சொல்றதைக் கேட்டா மட்டும் சக்கரை மாதிரி இறங்குது."

"இந்தப் பழக்கம் எங்கேருந்துடி வந்துச்சு?"

"நீங்கதானே டீச்சர் அஞ்சு வருஷமும், 'மத்தவங்கல்லாம் அவங்கவங்க வேலையைப் பாருங்க'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் கேட்டேன். எங்க கிளாஸுக்குச் சொன்னதை மட்டும்தான் கேக்கல."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். செதில் பட்டு நெற்றி வீங்கியது. தன் பாடத்தின் அழகில்தான் பிள்ளைகள் பாஸாகின்றன என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பெருமையெல்லாம் அன்றே ஆற்றோடு போனது. ஆனால் வருத்தப்பட அவருக்கு நேரமில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நேராகச் சேவுகன் சாரிடம் போனார்.

"சார், நாளையிலேருந்து ஒரு உதவி பண்ணணும். ஆறாங்கிளாஸ் பாடத்தை ஏழாங்கிளாஸைப் பாத்து நடத்துங்க."

"என்ன டீச்சர் சொல்றீங்க? நானே தொண்டை கிழியக் கத்தியும் செவிடன் காதுல ஊதின சங்கா இருக்கேன்னு நொந்து போயிருக்கேன்."

"சங்கை எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுல ஊதுங்க சார். இங்க எல்லாருக்கும் கேக்கும்."

சேவுகன் சார் நல்லவர். அதோடு அவருக்கு வேறு வழியும் இல்லை. மறுநாள் தட்டியின் பக்கம் திரும்பி நின்று, ஆறாம் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஏழாங்கிளாஸ், தவளை எப்படி வளருதுன்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன். ஆறாங்கிளாஸ், நீங்க அவங்கவங்க வேலையைப் பாருங்க!" என்று கூவினார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு திருதிருவென்று விழித்தது. இந்தப் பக்கம் பழைய கொட்டகைக் குட்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. வால் மறைந்து குதித்த தவளையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டதுபோல் பேச்சியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. ஏழாம் வகுப்பு வாத்தியார் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். "நீங்க உங்க பாடத்தை எட்டாங்கிளாஸைப் பாத்து நடத்துங்க சார்" என்று சேவுகன் சார் சொல்லிவிட்டார்.

அரையாண்டுத் தேர்வு நடந்தது. பேச்சிதான் வகுப்பிலேயே முதல். அவளோடு வந்த அத்தனை பேரும் நல்ல மார்க்கில் தேறிவிட்டார்கள். சுருளம்மா டீச்சர் கொட்டகை முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தார். பல்பம் தின்கிற மலையணில் குட்டிக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தார்.

யோக்கியமான கதையாக இருந்தால் இங்கே நிறுத்திவிட்டு, முயற்சி திருவினையாக்கும் என்று ஒரு நீதியைப் போட்டு உங்களையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் கடலைமிட்டாய் வாயில் கரைவதற்குள் ஜீப்புச் சத்தம் கேட்டுவிட்டது. நான் என்ன செய்ய?

நாரையார் இறங்கினார். கையில் ஒரு பூச்செண்டு, அலகில் ஒரு உத்தரவு.

"வாழ்த்துகள் டீச்சர். உங்க பிள்ளைங்க பிரமாதமா பாஸ் பண்ணியிருக்காங்க. அதனால வர்ற திங்கக்கிழமையிலேருந்து இந்தப் பள்ளியை மூடுறோம்."

"பாஸாயிட்டாங்களே ஐயா!"

"அதனாலதான் சொல்றேன். அடித்தளமே இல்லாத பிள்ளைங்களை ரெண்டு பருவத்துக்குள்ள முதல் மார்க் வாங்க வெச்சிருக்கு அக்கரைப் பள்ளி. அப்படிப்பட்ட பள்ளியில ஒண்ணாங்கிளாஸ்லயே சேத்துட்டா எங்கேயோ போயிருவாங்க."

"அப்ப ஃபெயிலாயிருந்தா?"

"இந்தப் பள்ளி சரியில்லன்னு மூடியிருப்போம்."

"பாஸானாலும் மூடுவீங்க, ஃபெயிலானாலும் மூடுவீங்களா?"

"நாங்க பாரபட்சமே பாக்கறதில்ல டீச்சர்."

டீச்சர் பாதி சுருண்டிருந்தவர், அப்படியே நின்றார். என்ன தோன்றியதோ, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓர் அதிகாரியின் முன்னால் முழுசாக விரிந்து நிமிர்ந்தார். "அய்யா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. இந்த மலையணிலைப் பாருங்க. இதால அந்தக் கொடியைப் பிடிச்சுத் தொங்க முடியாது. பாதியில விழும். விழுந்தா முதலை வாய்க்குள்ளதான் விழும். இதைவிட எனக்கு வெவரமா சொல்லத் தெரியல. ஒங்க கால்ல வேணாலும் விழறேன், பிள்ளைங்களை ஆத்துக்கு அனுப்பாதீங்க" என்றார்.

நாரையார் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய காது வெளியே போயிருந்தது. அங்கே காட்டெருமை ஒரு காக்கையிடம், போன மாதம் தன் மச்சினன் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தது. "அப்புறம் மச்சினன் என்ன பண்ணாரு?" என்று நாரையார் ஜன்னல் வழியாகக் கேட்டார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "ஆங், டீச்சர், என்னமோ சொன்னீங்களே?" என்றார்.

டீச்சருக்குக் கோபம்கூட வரவில்லை. கொட்டகையில் படித்த காலத்து நாரைக்குஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது வரிசை, ஓரம், ஒற்றைக்கால். கேட்ட கேள்விக்கு என்றைக்கும் பதில் சொன்னதில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டால் முந்திக்கொண்டு சொல்வான். வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட, தனக்கு முன்னால் உள்ளே போனவரிடம் கேட்ட கேள்விகளைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுத்தான் தேறியதாகத் தானே பெருமையாகச் சொன்னவன். அட, இது நம்ம கொட்டகைப் பிள்ளை அல்லவா? இதனிடம் போய் இத்தனை வருஷமாக நேருக்கு நேர் மனுக் கொடுத்திருக்கிறோமே!

"ஒண்ணுமில்லீங்கய்யா. உத்தரவுப்படியே செஞ்சுரலாம்" என்று டீச்சர் கும்பிட்டார்.

நாரையார் திருப்தியாகச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். ஆற்றங்கரையில் நாணல் புதருக்குப் பின்னால் ஒற்றைக்காலில் நின்று மீன் பிடிப்பது அவர் வழக்கம். டீச்சர் கொஞ்சம் பொறுத்து, தானும் ஆற்றங்கரைக்குப் போனார். புதருக்குப் பக்கமாக முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புதருக்குப் பின்னால் அதிகாரி நிற்கிறார் என்றதும் அவருக்குச் சுருண்டுவிடலாம் போல இருந்தது. பல்பம் தின்கிற குட்டியை நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். காட்டில் யாராவது ரகசியம் பேசினால் பத்து மரத்துக்குக் கேட்குமே, அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

"முதலையாரே, சேதி தெரியுமா? யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

முதலை ஒரு கண்ணைத் திறந்தது. "சொல்லு தாயி. நான் வாயையே மூடறதில்ல. ஆனா எதையும் வெளிய விட்டதும் இல்ல."

"பள்ளிக்கூடம் ரெண்டும் ஒண்ணாகுதுல்ல? ரெண்டு கரையிலயும் ஒவ்வொண்ணு இருந்ததாலதான் மலையைச் சுத்திப் போக நாரையாருக்கு ஜீப்பு குடுத்தாங்களாம். இனிமே ஒரே கரை, ஒரே பள்ளிக்கூடம். அதுக்கு எதுக்கு ஜீப்புன்னு மேலிடத்துல கேக்க மாட்டாங்களா?"

"அடப்பாவமே!"

"அந்த ஒண்ணைப் பாக்க எதுக்குத் தனியா ஒரு ஆபீசர்னும் கேப்பாங்க. கொம்பையாவே பாத்துக்குவாரு. அவருக்குத்தான் வாசல்ல நின்னே எல்லாம் தெரியுதே."

"இதை நாரையார்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? தங்கமான புள்ள. மனசு கஷ்டப்படும். அது பாட்டுக்குத் திங்கக்கிழமை மூடட்டும். செவ்வாக்கிழமை ஜீப்பைப் பிடுங்கினா, அதுக்கென்ன, றெக்கை இருக்குல்ல? பழையபடி பறந்து போய்க்கும்."

நாணல் சலசலத்தது. பிறந்ததிலிருந்து ஒற்றைக்காலிலேயே நின்ற நாரையாரின் இன்னொரு காலும் அன்றைக்குத் தரைக்கு வந்தது. அலகில் இருந்த மீன் நழுவி ஆற்றில் விழுந்து, பிழைத்தோம் என்று போய்விட்டது.

திங்கட்கிழமை விடிவதற்குள் புது உத்தரவு கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்தது. இரண்டு கரையிலும் இரண்டு பள்ளிகளும் காலவரையின்றித் தனித்தனியாக இயங்கும் என்று இருந்தது. குட்டிகளின் நலன் கருதி எடுத்த முடிவாம். அதோடு, இரண்டு பள்ளிகளையும் மாதம் ஒருமுறை அல்ல, இனி வாரம் ஒருமுறை ஜீப்பில் வந்து பார்வையிடவேண்டும் என்றும் இருந்தது.

முதலை விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது. "ஐயா, நான் அறிக்கையெல்லாம் விட்டேனே, என் கதி என்ன?"

"மனுவா எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம்" என்றார் நாரையார். அதைச் சொல்லும்போது அவர் காது வேறெங்கோ இருந்தது.

சுருளம்மா டீச்சர் இப்போதெல்லாம் மனு எழுதுவதில்லை. மழைக்காலம் வருமுன் ஒருநாள், நாரையார் காது கேட்கும் தூரத்தில் காட்டெருமையிடம், "பாவம்ப்பா, மழை வந்தா ஒங்க ஜீப்பை நிறுத்த ஒரு எடம் இல்லையே. எங்க கூரை மட்டும் ஒழுகாம இருந்தா உள்ளயே நிறுத்திக்கலாம்" என்று பரிதாபப்பட்டார். மழைக்கு முன்னால் கூரை வந்துவிட்டது. புத்தம்புதுக் கூரை. ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு ஜீப்பு நிற்கிறது. மலையணில் குட்டி அதன் சக்கரத்தைத் தின்னப் பார்க்கிறது.

இன்னொரு டீச்சர் வேண்டுமென்ற ஆசையை மட்டும் அவர் காட்டெருமையிடமும் சொல்லவில்லை, காக்கையிடமும் சொல்லவில்லை. ஒரு டீச்சர் கூடினால் ஒரு சுவர் கூடும். சுவர் கூடினால் குட்டிகளுக்கு அவரவர் பாடம் மட்டும்தான் காதில் விழும். அப்புறம் ஒன்றுக்கும் ஒன்றும் வராது. அதனால் தொண்டை வற்ற வற்ற ஐந்து வகுப்பையும் அவரே கட்டி மேய்க்கிறார். அக்கரையில் சேவுகன் சார் இன்றைக்கும் தட்டியைப் பார்த்துத்தான் பாடம் நடத்துகிறார். பேச்சி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நன்றாகப் படிக்கிறாள். பெரியவளானால் கல்வி அலுவலராக வருவாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவளுக்குக் கேட்காத மாதிரி.

நீதி: சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டியவரிடம் ஒருநாளும் சொல்லாதே, அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று முதலையிடம் சொல். (இந்த நீதி உங்களுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு. நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.)